கொட்டாய்ச் சுதி

தொண்ணூற்றெட்டில் முந்நூறு கேசட் போட்டோம்.
விற்றது நாற்பத்தொன்று.
அதில் ஆறு, சவரிநாதனின் அத்தான்
காசு தராமல் எடுத்துப்போனது.

ஞாயிறு பத்திரிகையில் யாரோ எழுதினார்:
‘பாட்டா இது, பிணவறைக் கதவு.’
புவனேந்திரன் அதைக் கத்தரித்துப் பர்சில் வைத்துக்கொண்டான்.
எங்களைப் பற்றி அச்சில் வந்த ஒரே வரி.

ஆல்பத்தின் பெயர் ‘இரண்டாம் பெரட்டு’.
முதல் பெரட்டு விடியுமுன், பால்வெட்டுக்கு.
இரண்டாவது என்று ஒன்று கிடையாது.
எஸ்டேட்டை விற்றபின்
பெயர் கூப்பிட ஆளில்லாத காலையை
அப்படிச் சொன்னான் சவரி.
அட்டையில் தகரக் கதவின் படம்.
மை வழிந்து வெறும் கறுப்பாய் வந்தது.
அச்சுக்கடைக்காரர் பாதிக் காசைத் திருப்பித் தந்தார்.
அந்தக் காசில் மீ கோரேங் தின்றோம்.

மூடிய ரப்பர் கொட்டாயில் ஆறு இரவு.
சுவரெல்லாம் புகையும் அமிலமும்.
வெளியே ஜெனரேட்டர் முனகும்.
நிறுத்தச் சொல்ல முடியாது,
எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கும் அதுதான் சோறு போட்டது.
ட்யூனர் வாங்க வெள்ளி இல்லை,
அந்த முனகலுக்கே கம்பிகளை இறக்கிக் கட்டினோம்.
என் பேஸ் கம்பி
துணி காயும் கொடிபோலத் தொங்கியது.
கியோங் ட்ரம்ஸை அடித்தானா
அதன்மேல் எதையாவது போட்டு உடைத்தானா,
இன்றுவரை தெரியாது.
சவரி பாடவில்லை.
காலி வரிசைமுன் நின்று
பெயர் வாசித்தான்.

விற்காததெல்லாம் கியோங்கின் பட்டறையில் கிடந்து
வெள்ளத்தில் ஊறியது.
அவன் அக்கா அறுபது கேசட்டின் நாடாவை உருவி
மிளகாய்ச் செடிக்கு மேல் கட்டினாள்.
நல்ல யோசனை.
அந்த வருஷம் மைனா வரவில்லை.

இப்போது நான் செம்பனை மில்லில்
லோரி எடை பார்க்கிறேன்.
சனிக்கிழமை ரூபிணி என்று ஒரு பெண் வந்தாள்,
சுங்கைப்பட்டாணியிலிருந்து, மோட்டாரில்.
நாலாவது பாட்டில் அண்ணன் என்ன சொல்றார், என்றாள்.
காதுக்கு ஒன்றாக ஒயரை மாட்டிக்கொண்டோம்.
‘வெளக்க அணைக்காதே’ என்றேன்.
‘வெலகி நடக்காதே’ என்றாள் அவள்.
பட்டறைக்குப் போனோம். கியோங் கண்ணை மூடிக் கேட்டான்.
‘வெளக்கெண்ணெ,’ என்றான். ‘சத்தியமா வெளக்கெண்ணெ.’

ஜோகூருக்கு அடித்தோம்.
சவரி அங்கே கண்டெய்னர் யார்டில் ஜாகா,
இரவு வேலை, எழுப்பிவிட்டோம்.
பாட்டைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.
ரொம்ப நேரம் பேச்சில்லை.
‘இது நானாடா?’
அப்புறம், ‘அந்த ஜெனரேட்டர் இன்னும் ஓடுதா?’

கொட்டாயை இடித்துப் பதினாறு வருஷம்.
அந்த இடத்தில் தாமான், வரிசை வீடு,
மூலை வீட்டில் ஏர்கோன் கடை.
சொல்லவில்லை. ‘ஓடுது’ என்றேன்.

போகும்போதுதான் ரூபிணி சொன்னாள்.
வடக்கில் ஏழு பேண்டு இருக்காம்.
யாரும் எங்கள் பாட்டை வாசிப்பதில்லை,
பாதிப் பேருக்குக் கேட்கவே பிடிக்காதாம்.
கம்பி கட்டுவது மட்டும் எங்களைப் போல,
எந்த ட்யூனரிலும் இல்லாத, சரியான சுருதிக்கு
ஒரு விரலுக்கும் கீழே.
அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்களாம்,
கொட்டாய்ச் சுதி.
கொட்டாய் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.
கடை என்று நினைத்திருந்தாள்.

சொல்ல வாயெடுத்தேன்.
லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.
பதினொன்று டன் எழுநூறு, என்று எழுதினேன்.
தராசுக்குக் கீழே எப்போதும் ஒரு மோட்டார் முனகும்.
அது அந்தச் சுதி இல்லை.
தினமும் ஒரு தடவை
ஒத்துப் பார்ப்பேன்.